பட்டறைப் பதில்கள்: ஹை கம்ப்ரஷன் இன்ஜினுக்கு நைட்ரஸ் தாங்குமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நைட்ரஸ் பற்றித்தான், அதாவது பவரைக் கூட்டுவதற்காகப் பாட்டிலில் இருந்து இன்ஜினுக்குள் செலுத்துகிற நைட்ரஸ் ஆக்சைடு வாயு. பெருந்துறைத் தம்பியின் கேள்வி எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பதால் அதற்கு நீளமாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு உங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: அண்ணா, வணக்கங்க. எங்கிட்ட பழைய ஹோண்டா சிட்டி 1.5 ஒண்ணு இருக்குதுங்க. நேர்கோட்டுல ஓடற டிராக் (drag) ரேஸுக்கு மட்டுந்தான், ரோட்டுல ஓட்டுறதில்லைங்க. கோயமுத்தூர்ல இன்ஜினைப் பிரிச்சு ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், பெரிய கேம், நாலு தனி த்ராட்டில் எல்லாம் போட்டாச்சு. கம்ப்ரஷன் 13-க்கு 1-னு சொன்னாங்க. டர்போ கிடையாது. இனி இதுல எடுக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லை, ஒரு 50 எச்.பி. நைட்ரஸ் கிட் மாட்டிரலாம்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. இன்ஜின் தாங்குங்களா?
(வாசகர், பெருந்துறை)

பதில்: தம்பி, இப்போது இருக்கிற நிலையில், பங்க்கில் பிடிக்கிற பெட்ரோலோடு, மாட்ட வேண்டாம். 13 கம்ப்ரஷனில், அதாவது சிலிண்டரில் உள்ளதைப் பதிமூன்றில் ஒரு பங்காக அமுக்குகிற இன்ஜினில், நைட்ரஸ் ஓடவே ஓடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் நைட்ரஸ் மட்டுமே வைத்து ஓடுகிற பெரிய டிராக் கார்கள் 13, 14, அதற்கு மேலும் கம்ப்ரஷன் வைத்துத்தான் ஓடுகின்றன. ஆனால் அவர்கள் ஊற்றுவது 110 ஆக்டேனுக்கு மேற்பட்ட ரேஸ் பெட்ரோல், ஆக்டேன் கூடக் கூடப் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும். பிஸ்டன், ரிங், கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு), டைமிங் (ஸ்பார்க் விழுகிற நேரம்) எல்லாமே முதல் நாளிலிருந்து பாட்டிலை மனதில் வைத்துச் செய்தவை. உங்கள் இன்ஜின் பாட்டில் இல்லாமல் கடைசிச் சொட்டு வரை பவர் எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. பின்னால் வந்து பாட்டிலை மாட்டும்போது அந்த வித்தியாசம்தான் பிஸ்டனைத் தின்கிறது.

நைட்ரஸ் உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் கிடையாது, தானாக எரியவும் எரியாது. எடைக் கணக்கில் காற்றில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36 சதவீதம். சிலிண்டருக்குள் இருக்கிற கடும் சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது, உடையும்போதே கொஞ்சம் வெப்பத்தையும் கொடுக்கிறது. பாட்டிலில் திரவமாக இருப்பது, நைட்ரஸையும் கூடுதல் பெட்ரோலையும் பீய்ச்சுகிற நாசிலை விட்டு வெளியே வந்ததும் கொதித்து ஆவியாகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அதன் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி, அதனால் இன்டேக் காற்றையும் நன்றாகக் குளிர்விக்கிறது, காற்று அடர்த்தியாகிறது. ஆனால் பவர் வருவது கூடுதலாக எரிகிற பெட்ரோலில் இருந்து. கணக்குப்படி 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரஸ் என்றால் 9.6 கிலோ போதும். நைட்ரஸ் போகிற அளவுக்குப் பெட்ரோல் போகவில்லை என்றால் அந்த ஆக்சிஜன் உள்ளே சும்மா இருக்காது, அலுமினியத்தையே உருக்கிவிடும்.

இனி உங்கள் 13-க்கு வருவோம். ஸ்பார்க் விழுகிற நேரத்திலேயே உங்கள் சிலிண்டரில் அழுத்தமும் சூடும் உச்சத்தை ஒட்டி இருக்கிறது. தீ பிளக்கில் தொடங்கி ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் ஓரத்தில் காத்திருக்கிற கலவை தானாகவே வெடித்தால் அதுதான் டெட்டொனேஷன், நாம் பட்டறையில் நாக்கிங் என்கிறோம். எந்த இன்ஜினுக்கும் அந்த எல்லைக்கு முன்னால் கொஞ்சம் இருப்பு இருக்கும். கம்பெனியில் இருந்து வருகிற 9.5, 10 கம்ப்ரஷன் இன்ஜினில் அந்த இருப்பு தாராளமாக இருக்கும், நைட்ரஸ் எடுத்துச் செலவு பண்ணுவது அதைத்தான். உங்களுக்கு இன்ஜின் கட்டியவர் அந்த இருப்பை எல்லாம் 13-க்கும் கேமுக்கும் டைமிங்குக்கும் ஏற்கெனவே செலவு பண்ணிவிட்டார். அவர் செய்ததில் தவறு ஒன்றுமில்லை, நீங்கள் கேட்டது அதுதான். ஒரே இருப்பை இரண்டு தடவை செலவு பண்ண முடியாது, அவ்வளவுதான்.

50 எச்.பி. என்பது சின்ன ஷாட்தானே (நைட்ரஸ் கூட்டிக் கொடுக்கிற பவர்) என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நைட்ரஸ் பற்றி நாம் கேள்விப்படுகிற விதிமுறை எல்லாம் அமெரிக்க வி8-ல் எழுதியது. "50 எச்.பி.க்கு 2 டிகிரி டைமிங் குறை", அதாவது ஸ்பார்க்கை அவ்வளவு தாமதமாக்கு என்பார்கள். அது 5.7 லிட்டர் இன்ஜினுக்குச் சொன்னது. அங்கே 50 என்றால் லிட்டருக்கு 9 எச்.பி. கூட இல்லை. உங்கள் 1.5 லிட்டரில் அதே 50, லிட்டருக்கு 33. அந்த வி8-ல் 190 ஷாட் போடுவதற்குச் சமம். 190 ஷாட்டை யாரும் சின்னது என்று சொல்ல மாட்டார்கள். அதனால் 2 டிகிரி போதும் என்று நம்பி வண்டியை லைனில் நிறுத்தாதீர்கள். மேலும் கம்ப்ரஷன் கூடினாலே தீ வேகமாக ஓடும், நைட்ரஸும் அதை இன்னும் வேகமாக்கும். 5, 6 டிகிரி குறைத்து ஆரம்பித்து, பிளக்கைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு டிகிரியாகத் திரும்பக் கொடுப்பதுதான் முறை.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். 13 என்று அவர்கள் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அளந்த எண்ணா, பிஸ்டன் டப்பாவில் போட்டிருந்த எண்ணா? ஹெட்டைக் கழற்றி, கண்ணாடி மூடி ஒட்டி, பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்து பாருங்கள். உங்கள் இன்ஜின் 75 மி.மீ. போர், 84.5 மி.மீ. ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டருக்கு 373 சிசி. 13-க்கு 1 என்றால் மேலே மிஞ்சுகிற இடம் மொத்தம் 31.1 சிசி. அது 29 ஆக இருந்தால் உங்கள் கம்ப்ரஷன் 13.9. ஹெட்டின் அடிப்பக்கத்தை இரண்டு தடவை சீவி ஃபேஸ் அடித்திருந்தால் இது சர்வசாதாரணம். இரண்டு சிசி வித்தியாசத்தில் உங்கள் முடிவே மாறிவிடும், அதனால் வாய்ச்சொல்லை நம்பி ஜெட் (நைட்ரஸும் பெட்ரோலும் போகிற அளவைத் தீர்மானிக்கிற சின்னத் துளை) சைஸ் முடிவு பண்ணாதீர்கள்.

11.5-க்கு இறக்கலாமே என்று அடுத்துத் தோன்றும். 11.5 என்றால் 35.5 சிசி வேண்டும், 4.4 சிசி கூட்ட வேண்டும். 75 மி.மீ. போரில் கேஸ்கெட் 1 மி.மீ. தடித்தால் சரியாக அந்த 4.4 சிசி கிடைத்துவிடும். கேட்க நன்றாக இருக்கும், பட்டறையிலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள், மலிவு. ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் தட்டைப் பகுதியோடு 1 மி.மீ. அளவுக்கு நெருங்கி, அங்கே இருக்கிற கலவையை நடுவுக்குத் தள்ளுகிறதே, அந்த இடைவெளி 2 மி.மீ. ஆகிவிடும். கலவை தள்ளப்படாமல் ஓரத்திலேயே தங்கும், நாக்கிங் தொடங்குவதும் அந்த ஓரத்தில்தான். கம்ப்ரஷனைக் குறைத்தும் நாக்கிங் நிற்கவில்லை என்று வருகிற பல இன்ஜின்களின் கதை இதுதான். குறைப்பதானால் பிஸ்டன் தலையில் குழி உள்ள ஃபோர்ஜ்டு பிஸ்டனாக மாற்றுங்கள், கேஸ்கெட்டைத் தொடாதீர்கள்.

பிஸ்டனை மாற்றும்போது மேல் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் விடுகிற இடைவெளியையும் பாருங்கள். டர்போ இல்லாத 75 மி.மீ. போருக்கு 0.34 மி.மீ. அளவில் வைத்திருப்பார்கள். நைட்ரஸுக்கு 0.45 வேண்டும். சூட்டில் ரிங் நீளும், இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் சிலிண்டரில் மாட்டி பிஸ்டனின் ரிங் இருக்கிற வரப்பைப் பிய்த்து எடுத்துவிடும். வெளியே எடுத்துப் பார்க்கிறவர்கள் நைட்ரஸ் பிஸ்டனை உடைத்துவிட்டது என்பார்கள். 0.1 மி.மீ. அரம் போட்டுத் தேய்க்காததுதான் உடைத்தது.

கேம் விஷயம் சுருக்கமாக. உங்களுடையதில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது நல்லது. நைட்ரஸ் போட்டால் உள்ளே வந்த விலை உயர்ந்த சரக்கில் ஒரு பங்கு எரியாமலேயே எக்ஸாஸ்ட் வழியாகப் போகும், இன்னொரு பக்கம் எரிந்த புகை வழக்கத்தைவிட அதிகம் என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்க வேண்டும். ஓட ஓடும், ஆனால் 50 போட்டு 50 கிடைக்காது.

பெட்ரோலுக்கு வருவோம். நம் ஊர் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், குளிர்விக்கவும் செய்யும், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் கிட்டோடு வருகிற ஜெட் அட்டவணை சுத்தப் பெட்ரோலுக்குப் போட்டது. எத்தனாலுக்குக் காற்று 9 பங்குதான், அதனால் 20 சதவீதக் கலவைக்கு 14.7 என்பது 13.6 அளவுக்கு வந்துவிடுகிறது. அதே ஜெட்டை அப்படியே போட்டால் உங்களுக்கு ஏழெட்டு சதவீதம் பெட்ரோல் குறைச்சல். சாதாரண ஓட்டத்தில் இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் சமாளித்துவிடும், நைட்ரஸ் நாசில் பக்கத்துக்குச் சமாளிக்க யாரும் இல்லை. பெட்ரோல் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கித்தான் ஆரம்பிக்க வேண்டும். எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் கிடைத்தால் அதையே எல்லா ஓட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் இது ஒரு நாள் அது என்று மாற்றாதீர்கள். இன்னும் நல்லது, நைட்ரஸ் நாசிலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன டேங்க், தனி பம்ப், தனி ரெகுலேட்டர் வைத்து அதில் ரேஸ் பெட்ரோல் ஊற்றுவது. செலவு அதிகம்தான். ஆனால் மெயின் பம்ப்பில் பிரஷர் விழுந்தாலும் நைட்ரஸுக்குப் போகிற பெட்ரோல் குறையாது.

இன்னொன்று எல்லோரும் தாண்டிப் போவது, எந்த ஆர்பிஎம்மில் ஆன் பண்ணுகிறோம் என்பது. நைட்ரஸ் போகிற வேகம் பாட்டில் பிரஷரையும் ஜெட்டையும் பொறுத்தது, இன்ஜின் வேகத்தைப் பொறுத்தது இல்லை. குழாயில் தண்ணீர் ஒரே வேகத்தில் விழும்போது குடத்தை மெதுவாக மாற்றினால் ஒவ்வொன்றிலும் அதிகம் நிறைகிற மாதிரிதான். 6000-ல் ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போவதைப் போல இரண்டு மடங்கு 3000-ல் போகும். கனெக்டிங் ராட் வளைவது பெரும்பாலும் அப்படித்தான். விண்டோ ஸ்விட்ச் போட்டு, உங்கள் கேமுக்கு 4500-க்கு மேல் ஆன் ஆகிற மாதிரியும், இன்ஜின் வேகம் எல்லை தாண்டாமல் தடுக்கிற லிமிட்டருக்கு 300 ஆர்பிஎம் முன்னாலேயே ஆஃப் ஆகிற மாதிரியும் வையுங்கள். லிமிட்டர் பெட்ரோலை நிறுத்துகிற வகை என்றால் அங்கே நைட்ரஸ் ஓடிக்கொண்டிருக்கவே கூடாது. த்ராட்டில் முழுதாக அமுக்கினால் மட்டும் வேலை செய்கிற ஸ்விட்ச் இன்னொன்று. முதல் கியரில் போடுவதில் பலனே இல்லை, முன் வீல் வண்டி, டயர் சுற்றத்தான் செய்யும். இரண்டாவது கியரில் இருந்து போடுங்கள்.

ஆக, உங்களுக்கு முன்னால் இரண்டு வழி. இந்த இன்ஜினை இப்படியே விட்டு, கியர் ரேஷியோ, எடை, டயர் இவற்றில் நேரத்தைத் தேடுவது. அதில் இன்னும் நிறைய இருக்கிறது, பாக்கி ஒன்றும் இல்லை என்று சொன்னவர் இன்ஜினை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இல்லை, நைட்ரஸ்தான் வேண்டும் என்றால் 11 அளவு கம்ப்ரஷனில், குழி பிஸ்டனோடு, நைட்ரஸுக்கான கேமோடு இன்னொரு இன்ஜின் கட்டுங்கள். 13-ஐ வைத்துக்கொண்டே செய்வேன் என்றால் ரேஸ் பெட்ரோல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நாசில், 25 ஷாட்டில் ஆரம்பம். என்னைக் கேட்டால் முதல் வழி. நல்லபடியாகக் கட்டின ஒரு இன்ஜினை அரைகுறையாக மாற்றிக் கெடுப்பதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

கேள்வி: பிளக் பார்த்துச் சொல்லலாம் என்கிறார்கள். வைட்பேண்ட் மீட்டர் இருக்கும்போது பிளக் எதற்கு? மீட்டரில் 11.8 காட்டுகிறது, போதாதா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: போதாது. வைட்பேண்ட் மீட்டர் எக்ஸாஸ்ட் புகையை வைத்துக் காட்டுகிற காற்று-பெட்ரோல் விகிதம் நான்கு சிலிண்டரும் சேர்ந்த சராசரி. மூன்று சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகமாகவும் ஒன்றுக்குக் குறைவாகவும் போனாலும் அதே 11.8 வரும், போகப்போவது அந்த ஒன்று. ஒரே நாசில் வைத்து எல்லா சிலிண்டருக்கும் பிரிகிற கிட்டில் இது சகஜம்.

முழு ஓட்டம் ஓடி, கோட்டைத் தாண்டியதும் க்ளட்ச் அமுக்கி இன்ஜினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து, நான்கு பிளக்கையும் வரிசை மாறாமல் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப் பொடி தூவின மாதிரி கருப்புப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. பளபளப்பான சின்னச் சின்ன மணிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம், அன்றைக்கு அதோடு வண்டியை ட்ரெய்லரில் ஏற்றுங்கள். மேலே வளைந்திருக்கிற கம்பியில் சூட்டின் நிறம் மாறுகிற கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் டைமிங் தெரியும், அது வளைவைத் தாண்டி அடிப்பக்கம் போய்விட்டால் டைமிங் அதிகம். புது பிளக்கில்தான் இதெல்லாம் தெரியும், பழையதில் ஒன்றும் படிக்க முடியாது. வழக்கமானதைவிட ஒன்று அல்லது இரண்டு படி குளிர்ந்த பிளக், கேப் 0.7 மி.மீ. போதும்.

கேள்வி: சார், போன மே மாதம் செட்டிபாளையம் ரேஸ் பாதையில் காலையில் ஓட்டியபோது கார் நன்றாக இருந்தது. மதியம் அதே ஜெட், அதே டைமிங், பிஸ்டன் போய்விட்டது. பாட்டிலை டிக்கியிலேயே வைத்திருந்தேன். பாட்டில் காரணமாக இருக்குமா?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: பெரும்பாலும் அதுதான். நைட்ரஸ் பாட்டிலில் பிரஷர் என்பது சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரியில் 735 பி.எஸ்.ஐ. அளவு இருக்கும், 30 டிகிரியில் 910-க்கு வந்துவிடும். 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்கிற பிரிவே இல்லாமல் போய்விடும், பிரஷர் 1050-ஐத் தாண்டி அதற்கு மேல் பாட்டில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எங்கேயோ போகும். நம் பக்கம் மே மாத மதியத்தில் மூடிய டிக்கிக்குள் 36 டிகிரி என்பது ஒன்றுமே இல்லை.

காலையில் 800-க்கு ட்யூன் பண்ணியிருப்பீர்கள். மதியம் 1100-ல் அதே ஜெட் வழியாக நைட்ரஸ் வேறு அளவில் போகிறது, அதன் தன்மையும் மாறிவிட்டது. பெட்ரோல் பிரஷரோ காலையில் இருந்த அதே அளவு. கலவை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நிற்கவும் இல்லை.

பாட்டிலில் கேஜ் இல்லாமல் ஓட்டாதீர்கள். 900 முதல் 950 வரை ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ட்யூன் பண்ணி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லைனில் நிற்கும்போது அந்த எண்ணைப் பார்த்த பிறகே நைட்ரஸைத் தயார் நிலைக்குக் கொண்டுவருகிற ஆர்ம் ஸ்விட்சைத் தொடுங்கள். வெயிலில் கூடினால் நிழலில் வைத்து ஈரச் சாக்கு சுற்றுங்கள், இறங்கிவிடும். மார்கழி காலையில் குறைவாக இருந்தால் அதற்கென்று வருகிற ஹீட்டர் போர்வை, பிரஷர் ஸ்விட்சோடு. கேஸ் டார்ச் காட்டிச் சூடு பண்ணுகிறவர்களைப் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள், அலுமினிய பாட்டிலின் பலம் போய்விடும்.

கேள்வி: ஐயா, என் மகன் காரில் இந்த கேஸ் பாட்டிலை வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். எனக்கு இதெல்லாம் தெரியாது, நான் மஞ்சள் வியாபாரம். அது வெடிக்குமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஐயா, உங்கள் கவலை நியாயமானது, நேராகவே சொல்கிறேன். நைட்ரஸ் தானாகத் தீப்பிடிக்காது. சமையல் கேஸ் மாதிரி கசிந்து நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்கிற பொருள் கிடையாது. ஆனால் பக்கத்தில் எரிகிற தீயை மிகக் கடுமையாக்கும். ஆபத்து மூன்று இடத்தில்.

பாட்டிலை அளவுக்கு மேல் நிரப்பி வெயிலில் வைப்பது முதலாவது. அதற்காகப் பாட்டில் வால்விலேயே ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும், 3000 பி.எஸ்.ஐ. அளவில் அது கிழிந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும். அந்த வழிக்குக் குழாய் போட்டுக் காருக்கு வெளியே விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் மொத்தமும் வரும், மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. பாட்டிலை எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும், கேஜைப் பார்த்து நிரப்பக் கூடாது.

அடுத்தது, நைட்ரஸைத் திறந்து மூடுகிற மின்சார வால்வான சோலனாய்டு கசிவது. இன்ஜின் நின்றிருக்கும்போது நைட்ரஸ் கசிந்து இன்டேக்கில் நிறைந்து, பெட்ரோலும் கொஞ்சம் சேர்ந்திருந்தால், சாவியைத் திருப்பிய நொடியில் இன்டேக் வெடிக்கும். ஓட்டம் முடிந்ததும் பாட்டில் வால்வைக் கையால் மூடுகிற பழக்கம் உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பாதிக் கவலை போகும். மூன்றாவது, பாட்டில் சரியாகப் பிணைக்கப்படாமல் இருப்பது. எஃகு பிராக்கெட், காரின் தளத்தோடு போல்ட் போட்டது, அதுதான் வேண்டும். பெல்ட்டோ கயிறோ கூடாது.

அவர் இதை ஓட்டப் பாதையில், ஹெல்மெட்டோடு, தீயணைப்பு வண்டி நிற்கிற இடத்தில் ஓட்டுகிறாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கூடப் போய் ஒரு நாள் பாருங்கள். இளைஞர்கள் இதில் எவ்வளவு கவனமாக வேலை செய்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் ஒரு தைரியம்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரி நைட்ரஸ் சிலிண்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார், அதிலிருந்து காரின் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாமா? ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது, அதையே போட்டால் என்ன?
(வாசகர், கரூர்)

பதில்: இரண்டும் வேண்டாம். மயக்க மருந்துக்கு வைத்திருப்பது ஆபரேஷன் மேசையில் இருக்கிறவருக்கானது. அதைப் பின் வாசல் வழியாக எடுத்துத் தருகிறவரோடு எந்தச் சங்காத்தமும் வைத்துக்கொள்ளாதீர்கள். சிலிண்டர் நிரப்புவதற்கு 2016-ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும், வீட்டுக் கொட்டகையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், மாற்றுகிற குழாயில் கிரீஸோ எண்ணெயோ ஒரு விரல் பட்டிருந்தாலே அந்த அழுத்தத்தில் தீப்பிடிக்கும். நம் பட்டறைகளில் எண்ணெய் படாத குழாய் எங்கே இருக்கிறது?

ஆக்சிஜன் அதைவிட மோசம். நைட்ரஸில் ஆக்சிஜனோடு நைட்ரஜனும் சேர்ந்து வருகிறது, அதுதான் எரிவதைக் கொஞ்சம் கட்டுக்குள் வைக்கிறது. திரவமாக வந்து குளிர்விக்கிற குணமும் சிலிண்டரில் அடைத்த ஆக்சிஜனுக்கு இல்லை. ஒரு ஓட்டம்கூட முடியாது.

கேள்வி: நாங்க லாரிக்காரங்க. டீசல் இன்ஜின் 17-க்கு 1 கம்ப்ரஷன்ல லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுது. பெட்ரோல் இன்ஜின் 13-க்கே இவ்வளவு பயப்படறது ஏனுங்க?
(வாசகர், நாமக்கல்)

பதில்: நல்ல கேள்விங்க. டீசலில் அமுக்கும்போது சிலிண்டரில் வெறும் காற்றுதான் இருக்கிறது. எரிபொருள் கடைசி நேரத்தில்தான் வருகிறது, வர வர எரிகிறது. முன்கூட்டியே வெடிப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. பெட்ரோலில் காற்றும் பெட்ரோலும் கலந்ததையே அமுக்குகிறோம், அது ஸ்பார்க்குக்குக் காத்திருக்க வேண்டும். அமுக்க அமுக்கச் சூடாகி, காத்திருக்க முடியாத நிலை வந்தால் தானே வெடிக்கும். டீசல் இன்ஜின் தலையும் பிஸ்டனும் அதற்கேற்ற கனத்தில் வார்த்தவை என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: கோவையில் ட்யூன் பண்ணின டர்போ இல்லாத காரைச் சென்னைக்குக் கொண்டுபோனால் மாற்ற வேண்டுமா? ஓட்டிப் பார்க்க பைபாஸ் ரோடு போதுமா?
(வாசகர், பீளமேடு)

பதில்: கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிட 4, 5 சதவீதம் குறைவு. அங்கே போனால் இன்ஜினுக்குள் அதிகக் காற்று போகும், சிலிண்டர் அழுத்தம் கூடும். இங்கே நாக்கிங் எல்லையை ஒட்டி ட்யூன் பண்ணிய 13 கம்ப்ரஷன் இன்ஜின் அங்கே எல்லையைத் தாண்டிவிடும். ஒரு டிகிரியாவது டைமிங்கைக் குறைத்துவிட்டு, பிளக் பார்த்தபின் கூட்டுங்கள். நைட்ரஸ் தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவருவதால் உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஜெட்டை அதற்காக மாற்றாதீர்கள்.

பைபாஸ் ரோடு வேண்டவே வேண்டாம். பொது ரோட்டில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். அந்த ரோட்டில் இரவு பால் கேனோடு டிவிஎஸ் எக்ஸலில் வருகிறவர் இருக்கிறார், அவருக்கு உங்கள் வேகம் தெரியாது. நமக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி காரை இதே கோயமுத்தூரில் உருவாக்கிய கரிவரதன் பெயரில் 2003-ல் வந்த இடம். பல ஊர்க்காரர்களுக்கு இது கிடையாது. டிராக் நாள் எப்போது என்று கேட்டு முன்பதிவு பண்ணுங்கள், கலந்துகொள்கிற வகுப்பில் நைட்ரஸ் அனுமதி உண்டா என்பதை இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கிற எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பாட்டிலை வாங்குங்கள்.